சீனியம்மாள் உட்கார்ந்த மடை

நத்தமேட்டில் பெண்டாட்டிக்குப் பயந்தவன் யார் என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தவசிமுத்துவின் வீட்டுப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். அது சரியில்லை. தவசிமுத்து யாருக்கும் பயந்தவனில்லை. பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழிந்தும் அந்தச் சந்தோஷம் தீரவில்லை. சீனியம்மாள் அரிசி புடைத்தாலும் பார்ப்பான், அடுத்த வீட்டு மாரியாத்தாளோடு சண்டை போட்டாலும் வாசலில் நின்று பார்ப்பான். "என்னத்த அப்படிப் பாக்குதிய, நான் என்ன தேரா?" என்று அவள் கேட்டால், ஆமாம் என்பது போலத் தலையாட்டுவான்.

ஊர் ராஜபாளையத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. மேற்கே மலை. மலையில் மழை விழுந்தால் ஓடை வரும், ஓடை வந்தால் கண்மாய் பெருகும், கண்மாய் பெருகினால் ஊர்க்கிணற்றில் தண்ணீர் மேலே ஏறும். மழை விழாத வருஷங்கள்தான் அதிகம். எண்பத்தைந்து வாக்கில் ஊருக்கு மேல்புறத்தில் சௌந்தரபாண்டியன் முதலாளி பேண்டேஜ் துணிக் கம்பெனி கட்டியபோது, ஊரே போய் வேலைக்கு நின்றது. ஆண்கள் சலவைப் பக்கம் போனார்கள். பெண்கள் துணியைச் சுருட்டி மடிக்கிற பக்கம் போனார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஊருக்குச் சனிக்கிழமை தோறும் சம்பளம் வந்தது. கம்பெனியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சலவை என்றால் ஆற்றில் அடித்துத் துவைக்கிற சலவை இல்லை. தறியிலிருந்து வரும் பழுப்புத் துணியைப் பெரிய இரும்புக் கொப்பரையில் சோடாக்காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆசிட்டில் முக்கி, அலசி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற துணி, கொக்குச் சிறகு மாதிரி வெளுத்தாக வேண்டும். துணி வெளுக்க வெளுக்கத் தவசிமுத்துவின் கைகள் வெடித்தன. சாயந்தரம் அவன் வீட்டுக்கு வந்ததும் சீனியம்மாள் அந்தக் கைகளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வேப்பெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். அவளும் அதே கம்பெனியில் பகலெல்லாம் துணி மடித்துவிட்டு வந்தவள்தான். ஆனாலும் அவன் கைக்குத்தான் முதல் வைத்தியம்.

அலசின தண்ணீரெல்லாம் கம்பெனி முற்றத்தில் ஒரு பெரிய தொட்டியில் வந்து நிற்கும். மத்தியானத்துக்கு மேல் தொட்டியின் வாயில் இருக்கிற மரப்பலகையைத் தூக்கிவிட்டால், தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே ஓடைக்கு ஓடும். பலகையைத் தூக்குவது தவசிமுத்துவின் வேலை. அதற்கு மடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தவசி மடை திறந்துவிட்டானா என்று முதலாளி கேட்பார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்மாயில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஊர்க்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோறு மஞ்சள் தட்டியது. தலை குளித்தால் முடி தேங்காய் நாராக நின்றது. ஆடுகள் கிணற்றடித் தொட்டியில் மூஞ்சியை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. தொண்ணூறு பிறந்தபோது நத்தமேட்டுப் பெண்கள் குடிக்கிற தண்ணீருக்கு மலையடிவாரத்து மாந்தோப்புக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். விடியுமுன் போனாலும் திரும்பி வர வெயில் ஏறிவிடும். அதற்குள் கம்பெனியில் சங்கு ஊதிவிடுவார்கள். பிந்தி வந்த பெண்ணுக்கு அரை நாள் சம்பளம் கிடையாது. ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர்கள் யாரும் குடம் தூக்கவில்லை.

மாரியாத்தாள் நிறைமாதத்திலும் குடம் எடுத்துத்தான் போனாள். ஒருநாள் திரும்பி வரும்போது வரப்பிலேயே வலி கண்டுவிட்டது. கூட வந்த பெண்கள் நாலு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, சீனியம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். அத்தனை பாடுபட்டு நடந்து கொண்டுவந்த குடத்துத் தண்ணீரிலேயே பிள்ளையைக் கழுவினார்கள். ஆண் பிள்ளை. கருத்தையா என்று சாமி பேரை வைத்தாலும் ஊர் அவனை வரப்பு என்றுதான் கூப்பிட்டது. தாயையும் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போன சீனியம்மாளுக்கு அன்றைக்கும் அரை நாள் வெட்டு விழுந்தது.

அன்று சாயந்தரமும் அவள் தவசிமுத்துவின் கைக்கு எண்ணெய் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் சொன்னாள்.

"பிள்ள வாங்குன பொழுதுக்கும் சம்பளத்தப் பிடிக்கான். தண்ணியக் கெடுத்தவனும் அவன், தண்ணிக்குப் போனா வெட்டுதவனும் அவன். இது எந்த ஊரு நாயம்?"

தவசிமுத்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தான்.

பால்வாடி டீச்சர் கிருபாபாய் அந்தச் சமயத்தில்தான் ஊரில் மாதர் சங்கம் ஆரம்பித்தாள். சின்ன உருவம், பெரிய குரல். ராஜபாளையத்திலிருந்து சைக்கிளில் வருவாள். பெண் சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கவே முதலில் கூட்டம் கூடியது. மற்ற ஊர்களில் பெண்கள் கூடிப் பேசித் தண்ணீர்க் குழாய் வாங்கினதையும், சாராயக்கடையை எடுக்க வைத்ததையும், மலைக்காட்டு மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து நின்றதையும் அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் வாயில் வெற்றிலையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பால்வாடிக் கட்டிடத்தில் கூட்டம். சீனியம்மாள் ஒன்றைக்கூட விடவில்லை.

சங்கத்தினால் தவசிமுத்துவுக்கு வந்த முதல் கஷ்டம் சோறு. ஞாயிற்றுக்கிழமை உலையை அவன் வைக்கவேண்டியதாயிற்று. முதல் வாரம் ரசத்துக்குப் புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டுவிட்டான். சீனியம்மாள் அதைக் குடித்துவிட்டு, மருந்து மாதிரி நல்லா இருக்கு என்றாள். டீக்கடையில் அந்த ரசத்தை ஒரு மாதம் காய்ச்சினார்கள். கூடச் சலவை பார்க்கிற முத்துவீரன் என்பவன் தவசிக்குச் சேலை எடுத்துத் தரப்போவதாகச் சொல்லி வசூல்கூட ஆரம்பித்தான். தவசிமுத்து, எடுக்கிறதுதான் எடுக்கிறீர்கள், சீனிக்குப் பிடித்த பச்சையில் எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

சங்கத்துப் பெண்கள் முதலில் முதலாளியிடம் மரியாதையாகத்தான் போனார்கள். அவர் நாற்காலி போடச் சொன்னார், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கம்பெனியை மூடச் சொல்லவில்லை, சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீரைத் தெளியவைத்துச் சுத்தம் பண்ணி விடுங்கள், தண்ணீருக்குப் போய்ப் பிந்தி வந்தால் சம்பளத்தை வெட்டாதீர்கள் என்று இரண்டே விஷயம் கேட்டார்கள். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கேயும் பார்க்கலாம் என்றார்கள். தொண்ணூற்றிரண்டு மாசி வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மாசிக் கடைசியில் முதலாளி தவசிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் என்று தவசிமுத்து ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் அப்பா செத்தபோது கோடித்துணியும் மாலையும் அவர் வீட்டிலிருந்து வந்தது. அதனால் அவர் கேட்டது இன்னும் அதிகமாக வலித்தது.

"ஏலே தவசி, வீட்டுல ஆம்பள நீயா, அவளா? அவள அடக்கி வை. இல்ல, ரெண்டு பேரும் வீட்டோட இருங்க."

சாயந்தரம் எண்ணெய்க் கிண்ணத்தோடு சீனியம்மாள் உட்கார்ந்தாள். அவன் கையைக் கொடுக்கவில்லை. என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனாகவே சொல்லிவிட்டான்.

"மொதலாளி ஒன்னய அடக்கி வைக்கச் சொல்லுதாரு."

"எப்படி அடக்கணும்னு சொல்லிக் குடுத்தாரா?"

"சிரிக்காத சீனி. அந்தப் பலகைய நான்தான தூக்குதேன். நீங்க கூடி உக்காந்து அந்தத் தண்ணிய வையும்போதெல்லாம் என்னய வையுத மாரி இருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் எண்ணெயை விட்டுக்கொண்டே, இந்தக் கையை அந்தத் தண்ணீர் என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா, அவனை எப்படி வைவாள் என்று கேட்டாள். பிறகு மெதுவாக, பங்குனி பிறந்ததும் பெண்களெல்லாம் வாய்க்காலில் போய் உட்காரப் போவதாகச் சொன்னாள். மடைக்கு நேர் எதிரே.

அவன் தன் வெடித்த கையைப் பார்த்தான். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் தோல் வெந்துபோகும்.

"நீங்க உக்காந்திருக்கயில என்னயத் திறக்கச் சொல்லுவாக. நான் என்ன செய்ய?"

"அது உங்க பாடு. நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்க செஞ்சா, பொறவு ஒரு நாள் 'எல்லாம் இவ சொல்லித்தான்'னு ஆயிரும். உங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க. திறந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன், உங்ககிட்ட வராமலும் இருக்க மாட்டேன்."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் விட்டாளே என்று அவனுக்குக் கோபமாகவும் வந்தது, பேசாமல் விட்டாளே என்று நிம்மதியாகவும் இருந்தது.

சொன்னபடி பங்குனியில் ஒருநாள் காலையில் பெண்கள் வேலைக்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போனார்கள். பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, வெறுங்குடங்களை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மகன் வரப்பைத் தூக்கிக்கொண்டு மாரியாத்தாளும் வந்துவிட்டாள். பிள்ளையை எங்கே விடுவது, இவன் பால்குடி என்றாள். கிருபாபாய் அவளை மட்டும் கரைமேல் உட்காரவைத்தாள். வரிசையில் முதல் ஆள் சீனியம்மாள். மடைப் பலகைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

கம்பெனிக்குள் துணி வெந்துகொண்டிருந்தது. கொப்பரையில் ஏற்றினதை நடுவில் நிறுத்த முடியாது. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் முதலாளியே முற்றத்துக்கு வந்துவிட்டார். பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார், கெஞ்சினார், மறுபடியும் சத்தம் போட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பி, மடையைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் வந்தால் தானாக எழுந்து ஓடுவார்கள் என்றார்.

தவசிமுத்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் சீனியம்மாளின் தலைதான் தெரிந்தது. வகிட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தன்னைக் கட்டாயப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்றுதான் பார்க்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. சலவை ஆட்களெல்லாம் கொப்பரையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார்கள். முத்துவீரனும் நின்றான். யாரும் கேலி பேசவில்லை.

தவசிமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரில் ஏறி, பலகையின் தலைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னலே செய்யுத?" என்றார் முதலாளி.

"கால் வலிக்கி மொதலாளி. செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

அவர் முத்துவீரனைப் பார்த்தார். முத்துவீரன் தரையைப் பார்த்தான். இன்னொருவனைப் பார்த்தார். அவன் கொப்பரையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தான். அதற்குள் தொட்டி நிரம்பிவிட்டது. தண்ணீர் சுவரைத் தாண்டி முற்றத்தில் வழிந்தது. வெள்ளை நுரை ஆபீஸ் படியேறியது. கட்டிவைத்திருந்த துணி மூட்டைகளின் அடியில் புகுந்தது. முதலாளியின் தோல் செருப்பு இரண்டும் நுரைக்குள் மறைந்துபோயின. கம்பெனித் தண்ணீர் முதல் தடவையாகக் கம்பெனிக்குள்ளேயே நின்றது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த நாற்றத்தை அவ்வளவு கிட்டத்தில் அவர் அன்றைக்குத்தான் அறிந்திருப்பார் என்று தவசிமுத்து பிற்பாடு சொல்வதுண்டு.

சாயந்தரம் போலீஸ் வேன் வந்தது. பெண்களை ஏற்றினார்கள். பலகையை விட்டு இறங்க மாட்டேன் என்றவனையும் இறக்கி ஏற்றினார்கள். வேனில் சீனியம்மாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் காலில் தெறித்திருந்த தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவன் காலை இழுத்தான். அவள் விடவில்லை.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போயிற்று. கிருபாபாய் அங்கே ஒரு பெண் வக்கீலைப் பிடித்திருந்தாள். அரவிந்தவல்லி என்று பெயர். ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் வீடு. அவளுடைய அப்பா அழகியமணவாளன், அந்தக் கோயிலில் ஆழ்வார் பிரபந்தம் பாடிச் சேவிக்கிறவர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதை வீதியில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று கேள்வி. கோர்ட்டிலும் அப்படித்தான். அவள் எழுந்து நின்றால் சில வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் அதைக் கவனிக்காத மாதிரியே பேசுவாள். ஆனால் பேப்பரைப் பிடித்திருக்கிற விரல் நுனி வெளுத்துப்போயிருக்கும். சீனியம்மாள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த தடவை அந்தச் சிரிப்பு வந்தபோது, நத்தமேட்டுப் பெண்கள் மொத்தமாகத் திரும்பி அந்த வக்கீல்களை உற்றுப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. வெளியே வந்ததும் அரவிந்தவல்லி, நான் உங்களுக்கு வக்கீலா, நீங்கள் எனக்கா என்று கேட்டாள்.

முதல் நாள்தான் பெரிய கூத்து. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று குமாஸ்தா எழுதினார். புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பெண்கள் திண்டாடினார்கள். மாரியாத்தாள், முருகன் கையில் இருக்குமே அது என்றாள். வேலா என்று கேட்டு எழுதிக்கொண்டார். இன்னொருத்தி, அதே வேலுக்குப் பின்னால் சாமியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். குமாஸ்தா விடுகதை போடுகிற இடமா இது என்று அலுத்துக்கொண்டார். அடுத்து சீனியம்மாள்.

"கணவர் பெயர்?"

"தவசிமுத்து."

சத்தமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள். வரிசைக் கடைசியில் நின்ற தவசிமுத்துவுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் தன் பெயரைக் கேட்டதே இல்லை. வேறு யாருடைய பெயரோ மாதிரி, ஆனால் நல்ல பெயராக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். கோர்ட்டில் கேட்டார்கள், சொன்னேன், பஸ்ஸில் யார் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். காது வரை சிரிப்பு இருந்தது.

அவர்கள் மீது போட்ட வழக்கு எச்சரிக்கையோடு முடிந்துபோனது. தண்ணீருக்காக அரவிந்தவல்லி போட்ட வழக்குத்தான் இழுத்தது. அந்த வாய்தா நாட்களைப் பெண்கள் வெறுக்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இலையில் வாங்கின பால்கோவாவை ஆளுக்கொரு விள்ளலாகப் பிட்டுத் தின்றுவிட்டு வருவார்கள். சில பெண்களுக்கு ராஜபாளையம் சந்தையைத் தாண்டி வந்ததே அப்போதுதான்.

தவசிமுத்துவுக்குத்தான் அந்தக் காலம் கசந்தது. இருவருக்கும், வாய்க்காலில் உட்கார்ந்த மற்ற பெண்களுக்கும் வேலை போய்விட்டது. வேறு கம்பெனிகளில் நத்தமேட்டுத் தவசி என்றதும் கேட்டை மூடினார்கள். மாந்தோப்பில் காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனான். காய்ப்பு இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை. சீனியம்மாள் வீட்டில் இட்லி அவித்து விற்றாள். விற்றது போக மிஞ்சின நேரமெல்லாம் சங்கம், கூட்டம், வாய்தா. டீக்கடையில் இப்போது பேச்சு வேறு மாதிரி மாறியிருந்தது. முன்பு சிரிப்பதற்காகப் பேசினார்கள். இப்போது, இவளால் எத்தனை பேர் அடுப்பு அணைந்தது என்று அவன் காதில் விழுகிற மாதிரிப் பேசினார்கள்.

ஒருநாள் அவள் மதுரைக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, அங்கே பேசினதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தட்டில் முந்தின நாள் சோறு இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எல்லாம் ஒன்னாலதான்" என்றான்.

அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகவில்லை. கிருபாபாய் வந்து கூப்பிட்டபோது உடம்புக்கு முடியவில்லை என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இட்லி அவித்தாள், கூட்டினாள், பெருக்கினாள், அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவள் கோபப்படவில்லை, சும்மா இருந்தாள். நல்ல பிரகாசமாக எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தானே வாயால் ஊதி அணைத்துவிட்டது போல அவனுக்கு இருந்தது. பத்து ஊருக்குக் கேட்கிற குரலை இந்த ஓட்டு வீட்டுக்குள் அடைத்துவைத்து என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்தான். பலகைமேல் ஏறி உட்கார்ந்தது அவள் சொல்லியா? இல்லை. அவனுக்குத் தோன்றி அவனே செய்தது. அதைத்தான் அன்றைக்கு அவள் அப்படி ஜாக்கிரதையாக அவன் கையிலேயே விட்டுவைத்திருந்தாள். அதையே எடுத்து அவள் மேல் எறிந்திருக்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உலையை அவனே வைத்தான். கொடியில் கிடந்த அவளுடைய நல்ல சேலையை எடுத்துவந்து மடியில் போட்டான்.

"கெளம்பு. நேரமாச்சு."

"எங்க?"

"நாயித்துக்கிழம எங்க போவ? அங்கதான்." கொஞ்சம் நின்று, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு சீனி. நான் செஞ்சத நான்தான் செஞ்சேன். ஒன்னால இல்ல" என்றான்.

அவள் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உலை பொங்கி வழிகிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே எழுந்து கிளம்பினாள்.

தொண்ணூற்று நாலில் தீர்ப்பு வந்தது. ஊர்க்கிணற்றுத் தண்ணீரையும் வாய்க்கால் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்திருந்தார்கள். சுத்தம் பண்ணாமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவானது. சௌந்தரபாண்டியன் முதலாளி ஆறு மாதம் முணுமுணுத்தார், பிறகு கட்டினார். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். பிந்தி வந்தால் அரை நாள் வெட்டு என்பதும் அதோடு போனது. கிணறு மட்டும் உடனே தெளியவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்துதான் பருப்பு வெந்தது. பருப்பு வெந்த அன்று மாரியாத்தாள் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது, முதலாளி தவசிமுத்துவைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். நேரில் பார்த்ததும் இருவருக்குமே சங்கடமாக இருந்தது. கால் வலி தேவலையா என்று கேட்டார் முதலாளி. தேவலை என்றான் தவசிமுத்து. நிறுத்தின பெண்களையும் திரும்ப எடுத்தால் வருகிறேன் என்றான். பாதிப் பேரை எடுத்தார். மீதிப் பேருக்காகச் சங்கம் மறுபடியும் படியேறியது, அது வேறு கதை.

சீனியம்மாள் திரும்ப வேலைக்குப் போகவில்லை. தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றார்கள். நத்தமேட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் இடமும் அதில் விழுந்தது. மேலத்தெருப் பெரிய வீட்டில் தங்கள் மருமகளை நிறுத்தினார்கள். அந்தப் பெண் வெளியே தலைகாட்டவில்லை, வீட்டு ஆண்கள்தான் ஓட்டுக் கேட்டார்கள். சீனியம்மாள் தானே நடந்து கேட்டாள். குடம் சுமந்து நடந்த பெண்களெல்லாம் பின்னால் நடந்தார்கள். ஜெயித்தாள்.

முதல் தடவையாகப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போகும் நாளில் தவசிமுத்துவும் கூட ராஜபாளையத்துக்குப் போனான். அங்கே இருந்த அலுவலர் மரியாதையானவர். வாங்க தலைவரே என்று எழுந்தார். பார்த்தது தவசிமுத்துவை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப்போட்டு, அம்மா வெளியே பெஞ்சில் உட்காரட்டும், கையெழுத்துப் போடக் கூப்பிட்டுக்கொள்ளலாம், மற்ற பெண் தலைவர்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்.

தவசிமுத்து நாற்காலியைச் சீனியம்மாள் பக்கம் நகர்த்திவைத்தான்.

"தலைவரு இவுகதானய்யா. நான் கூட வந்த ஆளு" என்றான். வெளியே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போனான்.

அவள் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. தெருக்குழாய் போட அனுமதி வந்துவிட்டது, முதல் குழாயை எங்கே போடுவது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பஸ் ஏறினதும், எங்கே போடப்போகிறாய் என்று அவன் கேட்டான். அவள், கீழத்தெருவில் என்றாள். கிணறு கெட்டபோது சாதியைச் சொல்லி மாந்தோப்புக் கிணற்றிலும் இறங்கித் தண்ணீர் எடுக்கவிடாமல் அந்தத் தெருப் பெண்களைத்தான் கடைசியில் நிறுத்தினார்கள், அவர்களுக்குத்தான் முதலில் என்றாள். தவசிமுத்துவுக்கு அது சம்மதமில்லை. நம் தெருக்காரர்கள் என்ன நினைப்பார்கள், அவர்கள்தானே மொத்தமாக ஓட்டுப் போட்டது, ஒன்றை இங்கே போட்டுவிட்டு அடுத்ததை அங்கே போடலாமே என்றான். முடியாது என்றாள். தலைவருக்கு ஒரு யோசனைதானே சொன்னேன் என்றான்.

"யோசன நல்லாத்தான் இருக்கு. குழா கீழத்தெருவுலதான்."

"நான் சொல்லுதத முழுசாக் கேளு சீனி."

கேட்கிறேன், சொல்லுங்கள் என்று அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஊர் விலக்கில் பஸ் நின்று, இறங்கி, வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே வந்தான், அவளும் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள். குழாய் கீழத்தெருவில்தான் வந்தது.